தள்ளுவண்டியை விட்டு இறங்க மறுக்கும் மூன்றே முக்கால் வயது மகள்

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகளுக்கு மூன்றே முக்கால் வயது. பாலர் பள்ளி வீட்டிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர். மின்தூக்கி வரை நடந்து வருகிறாள். கீழே இறங்கியதும் கால் வலிக்கிறது என்று சொல்லித் தள்ளுவண்டியில் ஏறிக்கொள்கிறாள். வண்டி இல்லாவிட்டால் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். வண்டியை இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, இந்த வெயிலில் பிள்ளையை ஏன் வதைக்கிறீர்கள் என்கிறார். மாலையில் பள்ளியிலிருந்து அழைத்து வருபவர் வீட்டுப் பணிப்பெண். அடுத்த ஜனவரியில் கே1 (பாலர் பள்ளியின் அடுத்த நிலை) வகுப்பு தொடங்குவதற்குள் இவளை நடக்க வைக்க முடியுமா?

முடியும். குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இதே கேள்வியோடு வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையின் தள்ளுவண்டி பெரும்பாலும் பெரியவர்களின் அவசரத்துக்காகவே உருள்கிறது. அந்த 600 மீட்டரை நீங்கள் ஏழெட்டு நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். மகள் நின்று, குனிந்து, பூனையைப் பார்த்து நடந்தால் இருபது நிமிடம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிட வித்தியாசத்தைத்தான் வண்டி இத்தனை நாளும் மிச்சப்படுத்திக் கொடுத்தது. அதை மகளிடம் திருப்பிக் கொடுக்காமல் வண்டியை மட்டும் பறித்தால் தினமும் காலையில் அழுகைதான் மிஞ்சும். ஆகவே முதலில் மாற வேண்டியது நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்.

அதற்கும் முன்னால், கால் வலி என்பதைப் பார்த்துவிடுவோம். பிள்ளை சொல்வதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது சோர்வையோ சலிப்பையோ குறிக்கும் சொல்தான்; இந்த வயதில் சலிப்பைச் சொல்ல வேறு சொல் அவர்களிடம் இருப்பதில்லை. ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியை நிறுத்திவைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். நொண்டுவது, எப்போதும் ஒரே காலை அல்லது ஒரே மூட்டைக் காட்டி வலி என்பது, காலையில் எழுந்ததும் கால் விறைத்து நிற்பது, மூட்டு வீங்குவது, முன்பு ஏறிய படியை இப்போது ஏற முடியாமல் போவது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது ஆகியவை அவை. தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழும்போது தன் கைகளை முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி, தன் உடல்மீதே ஏறுவதுபோல எழுகிறதா என்று பாருங்கள். அது தசை பலவீனத்தின் அடையாளமாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு திடீரென்று காலை ஊன்ற மறுத்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களும் வலிக்கின்றன, தடவிக்கொடுத்தால் தூங்கிவிடுகிறாள், காலையில் துள்ளி எழுகிறாள் என்றால் அது வளர்கிற பருவத்தில் பல பிள்ளைகளுக்கு வரும் வலி, பயப்பட வேண்டாம். தட்டைப் பாதம் இந்த வயதில் இயல்பானது. பாதத்தின் வளைவு ஆறு வயது வாக்கில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்கும். மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் உள்நோக்கி ஒட்டினாற்போல் இருப்பதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். வலியும் நொண்டலும் இல்லாத பிள்ளைக்கு விலை உயர்ந்த காலணி உள்தட்டுகள் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். காலணியில் பார்க்க வேண்டியது மிக எளிது: விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம், வளையும் அடிப்பகுதி, அவளே ஒட்டிக்கொள்ளக்கூடிய பட்டை. சிறிதாகிப்போன காலணியால் நடக்க மறுக்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

உணவையும் ஒரு பார்வை பாருங்கள். சோறு இறங்கவில்லை என்று பால் பாலாகக் கொடுத்து, அது நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டும் வீடுகளில் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. முகம் வெளுத்து, விளையாட்டிலும் சீக்கிரம் களைத்துப்போகும் பிள்ளைக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

இதெல்லாம் இல்லை, விளையாட்டுத் திடலில் சறுக்கு மரத்தில் அரை மணி நேரம் ஏறி இறங்குகிறாள், வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் கால் வலிக்கிறது என்றால் அவள் உடலில் குறையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது. தள்ளுவண்டி போன்றவற்றில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. பள்ளிக்குப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம் நடந்தால் அந்த 180இல் நாற்பது நிமிடம் தனியாக எந்த வகுப்புக்கும் பணம் கட்டாமல் சேர்ந்துவிடுகிறது.

ஆனால் அவளுடைய உழைப்பையும் மதிக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை ஓர் அடி எடுத்து வைத்தால் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர்தான் நகரும். பெரியவர்களுக்கு அது 65 சென்டிமீட்டர் வரை வரும். நீங்கள் தொள்ளாயிரம் அடியில் முடிக்கும் தூரத்துக்கு அவள் ஆயிரத்து எண்ணூறு அடி வைக்கிறாள். உங்கள் வேகத்துக்குக் கையைப் பிடித்து இழுத்தால் அவள் ஓட வேண்டியிருக்கும், ஓடினால் களைப்பாள், களைத்தால் உட்காருவாள். பக்கத்தில் நடக்கும் பெரியவர் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இனி, உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது. தள்ளுவண்டியில் கைப்பேசி மாட்டும் பிடி இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், ஏனென்றால் பத்து வீடுகளில் பாதிக்கு மேல் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்தால் பாட்டுக் காணொளி, இறங்கினால் வெறும் நடைபாதை என்றால் எந்தப் பிள்ளையும் உட்காரத்தான் செய்யும். அப்படியிருந்தால் வண்டியை அப்படியே வைத்துக்கொண்டு கைப்பேசியை மட்டும் முதலில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் அழுவாள். ஒரு வாரத்தில் வண்டியின் ஈர்ப்பு பாதியாகக் குறைந்துவிடும். நடைப்பயிற்சியை அதற்குப் பிறகே தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இரண்டும் தோற்கும்.

அடுத்து, பெரும்பாலான பெற்றோர் செய்யும் முறையைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். வழக்கமாக என்ன நடக்கிறது? வீட்டு வாசலில் நடக்கத் தொடங்குகிறார்கள், வண்டி பின்னாலேயே வருகிறது, பிள்ளை சிணுங்கியதும் ஏற்றிவிடுகிறார்கள். இதில் பிள்ளை கற்பது ஒன்றுதான்: சிணுங்கினால் வண்டி கிடைக்கும். நாளாக நாளாகச் சிணுங்கல் சீக்கிரமே வரும். அதற்கு மாறாக, வண்டியில் தொடங்கி நடையில் முடியுங்கள். பள்ளியிலிருந்து வரும்போது வண்டியில் வரட்டும். உங்கள் புளோக்குக்கு (அடுக்குமாடிக் கட்டடத்துக்கு) முன்னால் கூரையுள்ள நடைபாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, மடித்துவிடுங்கள். அங்கிருந்து மின்தூக்கி வரை நடை. முடிவில் வீடு, தண்ணீர், மின்விசிறி, பாட்டி எல்லாம் காத்திருக்கின்றன. நடை நல்லபடியாக முடிந்தது என்ற நினைவோடு அவள் வீட்டுக்குள் நுழைகிறாள். நான்கைந்து நாள் கழித்து, மடிக்கும் இடத்தைக் கொஞ்சம் பள்ளிப் பக்கமாகத் தள்ளுங்கள்: முதலில் விளையாட்டுத் திடல், பிறகு சாலை கடக்கும் இடம், பிறகு பேருந்து நிறுத்தம். இப்படியே பின்னோக்கிப் போனால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பள்ளி வாசலுக்கு வந்துவிடலாம். ஒரு கட்டத்தில் அழுகை அதிகமானால் முந்தைய இடத்திலேயே இன்னும் ஒரு வாரம் இருங்கள். அவசரமில்லை, ஜனவரி வரை நேரம் இருக்கிறது.

இந்த முறையில் உயிர்நாடி ஒன்று உண்டு. வண்டி எங்கே முடிகிறது என்பதை இடம்தான் தீர்மானிக்க வேண்டும். அழுகை தீர்மானிக்கக் கூடாது. "விளையாட்டுத் திடல் வந்ததும் இறங்கி நடப்போம்" என்று கிளம்பும்போதே சொல்லுங்கள். அந்த இடம் வந்ததும் பேச்சுவார்த்தை வேண்டாம். அதேபோல ஓய்வும் அவள் கேட்பதற்கு முன்பே வர வேண்டும். எந்த இருக்கையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கப் போகிறோம் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் இடையில் உட்கார வேண்டிய தேவையே குறையும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் நடைபாதை ஓரத்திலும் இருக்கைகளுக்குப் பஞ்சமில்லை. களைத்தால் உட்காரலாம், வண்டியில் ஏற வேண்டியதில்லை என்பதை அவள் உடல் மெல்லக் கற்றுக்கொள்ளும்.

நடையைச் சுவாரசியமாக்க நம் பேட்டைகள் எவ்வளவு வசதியானவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு புளோக்கின் சுவரிலும் எண் பெரிதாக எழுதியிருக்கிறது. எண்களைக் கற்கும் வயதில் இதைவிட நல்ல பாடப்புத்தகம் ஏது? கூரையுள்ள நடைபாதையின் தூண்கள் சம இடைவெளியில் நிற்கின்றன. "அடுத்த தூண் வரை தவளை, அதற்கடுத்த தூண் வரை யானை" என்று நடந்து பாருங்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் மாலையில் இலையை மூடிக்கொள்ளும். தூங்கிவிட்டதா, விழித்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதற்கென்றே சில பிள்ளைகள் நடப்பார்கள். மஞ்சாடி மரத்தடியில் சிவப்பு விதைகள் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளட்டும், வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புப் புள்ளியுள்ள குன்றிமணி வேறு. அது கடும் நஞ்சு, தொட விடாதீர்கள்.

விளையாட்டைவிடவும் வலுவானது பொறுப்பு. இந்த வயதுப் பிள்ளைக்கு உண்மையான வேலை கொடுத்தால் கால் வலி மறந்துபோகும். சாலைச் சமிக்ஞையின் பொத்தானை அழுத்துவது, மின்தூக்கியில் எண்ணை அழுத்துவது, கடையில் வாங்கிய ரொட்டியைப் பாட்டிக்குத் தூக்கிக்கொண்டு வருவது, காலி வண்டியைத் தானே தள்ளுவது போன்ற வேலைகள். ரொட்டியை நிஜமாகவே அவள்தான் கொண்டுவந்தாள் என்று பாட்டி எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். "நடந்தால் மிட்டாய்" என்று மட்டும் தொடங்காதீர்கள். ஒரு வாரத்தில் மிட்டாய் இரண்டாகும், பிறகு நடை ஓர் ஏலமாகிவிடும். மாறாக, அன்றைய நடையில் கண்டதை இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் மறுநாள் அவளே கண்ணைத் திறந்துகொண்டு நடப்பாள்.

எல்லாம் செய்தும் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டால்? ஓரமாக, நிழலில், அவள் உயரத்துக்குக் குனிந்து நில்லுங்கள். "களைத்துவிட்டாய், தெரிகிறது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அந்தச் சிவப்புத் தூண் வரை போவோம்" என்று ஒரு முறை சொன்னால் போதும். அதற்குப் பிறகு பேசாமல் இருங்கள். கால் வலிக்கிறதா இல்லையா என்று வழக்காடாதீர்கள். "போன வாரம் நடந்தாயே", "பக்கத்து வீட்டுப் பிள்ளை நடக்கிறதே" என்ற பேச்சுக்கள் அவளை இன்னும் அழுத்தமாக உட்கார வைக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகி, மழையும் வருகிறது என்றால் இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் சிவப்புத் தூண் வரை என்று சொன்னால் சிவப்புத் தூணில் இறக்கிவிட வேண்டும். நீங்கள் சொன்னதைச் செய்கிறவர் என்று பிள்ளைக்குத் தெரிவது ஒரு நாள் நடையைவிட முக்கியம்.

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பகலில் 31, 32 பாகை வெப்பமும் காற்றில் அத்தனை ஈரமும் உள்ள ஊரில் நண்பகல் நடை பெரியவர்களுக்கே கடினம். பயிற்சியைக் காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரையுள்ள நடைபாதை போடும் திட்டத்தால் இன்று பெரும்பாலும் நிழலிலேயே போகலாம். இரண்டு நிமிடம் சுற்றினாலும் அந்த வழியே நல்லது. இதையும் அத்தையிடம் சொல்லிவையுங்கள்: வெயிலுக்காகத் தள்ளுவண்டியைத் துணியால் மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறும். பிள்ளைக்கு நிழல் வேண்டும் என்பதில் அவருக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஊரில் இருந்தபோது கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து நடத்திச் சென்றவர்தானே? மாலை நடையின் கடைசிப் பகுதியை அவரிடமே ஒப்படைத்துப் பாருங்கள். கீழ்த்தளத்தில் பாட்டி காத்திருக்கிறார் என்றால் பேத்தி நடந்து வருவாள்.

பணிப்பெண்ணைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பள்ளியிலிருந்து அழைத்து வருபவர் அவர். ஆறு மணிக்குள் வீடு திரும்பி, துணி மடித்து, சமையலைத் தொடங்க வேண்டும் என்று இருந்தால் அவர் வண்டியைத்தான் எடுப்பார். நடைபாதையில் பிள்ளை அழுதால் வழியில் போகிறவர்கள் முறைப்பதும் அவரைத்தான். அவருக்குக் கூடுதலாக அரை மணி நேரம் கொடுங்கள். தாமதமானால் யாரும் கடிந்துகொள்ள மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வண்டியை எங்கே மடிப்பது, எங்கே உட்காருவது, அழுதால் என்ன சொல்வது என்பதை ஒரு மாலை அவரோடு சேர்ந்து நடந்து முடிவு செய்யுங்கள். பிள்ளையோடு தினமும் நடப்பவர் அவர் என்பதால் உங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதுபோல வண்டியை ஒரே நாளில் அகற்றிவிடுவது சில பிள்ளைகளிடம் பலிக்கும். ஆனால் மூன்று பெரியவர்கள் மூன்று விதமாக நினைக்கும் வீட்டில் அது முதல் வாரத்திலேயே உடையும். பிறகு வண்டி திரும்பி வரும்போது பிள்ளையின் பிடி இன்னும் இறுகியிருக்கும். இருந்தாலும் அவர் ஒரு விஷயத்தைச் சரிபார்க்கலாம். வண்டியின் சட்டத்தில் எத்தனை கிலோ வரை தாங்கும் என்ற ஒட்டுத்தாள் இருக்கும். பல சிறிய வண்டிகளுக்கு எல்லை 15 கிலோ. மூன்றரை வயதுப் பெண் குழந்தையின் சராசரி எடையே ஏறத்தாழ அவ்வளவு. எல்லையைத் தாண்டிவிட்டால் அது பாதுகாப்புப் பிரச்சினை. அப்போது கணவர் பக்கம்தான் நானும் நிற்பேன்.

சாலைப் பாதுகாப்பை இந்த வாரங்களிலேயே சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். வண்டியில் கட்டுண்டு வந்த பிள்ளைக்கு வாகன நிறுத்துமிடத்தின் நுழைவாயில் எவ்வளவு ஆபத்தானது என்று தெரியாது. அங்கே வந்தால் கையைப் பிடிக்க வேண்டும் என்பதில் விலக்கே கூடாது. மற்ற இடங்களில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். நடைபாதையில் மின்ஸ்கூட்டர்களுக்கு 2019 நவம்பரில் தடை வந்துவிட்டாலும் சைக்கிள்கள் வருகின்றன. ஆகவே அவள் ஓரமாகவும் நீங்கள் சைக்கிள் வரும் பக்கமாகவும் நடங்கள்.

வண்டியை முழுவதும் ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண்டாயில் விலங்குத் தோட்டத்தைச் சுற்றும் நாள், காய்ச்சல் விட்ட மறுநாள், தைப்பூசத்தன்று லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூட்டம் நெரியும் நேரம், இவற்றுக்கு அது தேவைப்படலாம். "இன்றைக்கு நீண்ட நாள், அதனால் வண்டி" என்று காரணத்தைச் சொல்லி எடுங்கள். பள்ளிக்குப் போகும் பாதை மட்டும் நடைப் பாதையாகவே இருக்கட்டும்.

அக்டோபர் இறுதிக்குள் பாதித் தூரமாவது நடக்கிறாளா என்று பாருங்கள். நேரம் கொடுத்து, கைப்பேசியை நிறுத்தி, வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே விதமாக நடந்துகொண்ட பிறகும் நூறு மீட்டரில் சோர்ந்துபோகிறாள், படியேறத் தடுமாறுகிறாள், அடிக்கடி விழுகிறாள் என்றால் பலதுறை மருந்தகத்தில் காட்டி, குழந்தை மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். போகும்போது அவள் நடப்பது, படி ஏறுவது, தரையிலிருந்து எழுவது ஆகிய மூன்றையும் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொண்டு போங்கள். புதிய இடத்தில் பிள்ளைகள் நடந்துகாட்ட மறுத்துவிடுவார்கள். அந்தக் காணொளி மருத்துவருக்கு மிகவும் உதவும்.